ஒரு நூலும் இரு தீர்ப்பும்

ஒரு நூலைக் கற்றோர் இருவர் அதன் பொருள் குறித்து முரண்படுதல் வியப்பன்று. ஆயின் ஒருவர் அதனைப் பேரிலக்கியம் என்றும், மற்றவர் அதனை வாசித்து முடித்தலே வீண் உழைப்பு என்றும் கூறுவரேல் அஃது ஆராயத்தக்க செய்தியாகும். அவ்விருவரும் கல்வியும் இலக்கியப் பயிற்சியும் நிரம்பியவராயின் அவ்வாராய்ச்சி மேலும் இன்றியமையாததாகின்றது. சுவை ஆளுக்காள் வேறுபடும் என்று கூறி அவ்வளவில் நின்றுவிடுதல் எளிது. அவ்வாறு நின்றுவிட்டால் திறனாய்வு என்னும் முயற்சிக்கே இடமில்லாது போய்விடும். கருத்து எவ்விடத்திற் பிரிகின்றது, பிரிதற்குரிய காரணம் யாது, அதனுள் நூலுக்குரிய பங்கு எவ்வளவு, வாசகனுக்குரிய பங்கு எவ்வளவு என்று பகுத்துக் காண்டல் திறனாய்வாளனின் கடமை.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நல்லதோர் உதாரணமாக அமைவது, ஜே. ஆர். ஆர். ரோல்கீன் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய ‘மோதிரத் தோழமை’ என்னும் நூல். ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் நெடுங்கதையின் முதற்பாகம் இது. ஆங்கிலத்தில் ‘த ஃபெலோஷிப் ஒஃப் த றிங்’ என வழங்குவது. 1954ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி இலண்டனில் ஜோர்ஜ் அலன் அன்ட் அன்வின் நிறுவனத்தார் இதனை 21 சிலிங் விலையில் வெளியிட்டனர். அன்று தொடங்கிய கருத்து வேற்றுமை எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் தீர்ந்தபாடில்லை.

முதற்கண் நூல் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ரோல்கீன் (1892-1973) ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியின் பழைய வடிவங்களையும் அவற்றிலுள்ள இலக்கியங்களையும் கற்பித்த பேராசிரியர். 1937இல் ‘ஹொபிற்’ என்னும் சிறுவர் நூலொன்றை வெளியிட்டார். அது நன்கு விலைபோகவே, பதிப்பாளர் தொடர்ச்சி ஒன்றை வேண்டினர். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் அத்தொடர்ச்சியை எழுதத் தொடங்கியவர், கதையின் இறுதியை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை சென்றன. இடையிலே போர் வந்தது. கற்பித்தற் கடமைகள் குறுக்கிட்டன. கதையும் ஆசிரியர் தொடக்கத்தில் எண்ணியிராத அளவுக்குப் பெருகி வளர்ந்தது. போருக்குப் பிந்திய காலத்திற் கடதாசி விலை உயர்ந்திருந்தமையால் அதனை ஒரே நூலாக வெளியிடல் இயலாதாயிற்று. எனவே மூன்று பாகங்களாகப் பிரித்தனர். ஓராயிரம் பவுண் நட்டம் ஏற்படினும் ஏற்படுக என்ற துணிவுடனேயே பதிப்பாளர் இம்முயற்சியில் இறங்கினர் என்பது பதிப்புலகம் அறிந்த செய்தி.

கதை பின்வருமாறு: ஷயர் என்னும் அமைதியான நாட்டில் ஹொபிற்றுகள் என்னும் குறுகிய உருவினர் வாழ்கின்றனர். அவர்களுள் முதியவனான பில்போ தன் நூற்றுப்பதினோராவது பிறந்தநாளன்று ஊரை விட்டு நீங்குகிறான். அவனிடமிருந்த மோதிரம் பிரொடோ என்னும் இளைய உறவினனைச் சேர்கின்றது. பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னர், கண்டால்ப் என்னும் முதிய மந்திரவாதி வந்து அம்மோதிரத்தின் இயல்பை விளக்குகிறார். உலகனைத்தையும் அடிமைகொள்ளக் கருதும் இருள்வேந்தன் ஒருவன் தன் ஆற்றலின் பெரும்பகுதியை அதனுட் பெய்து வைத்திருக்கிறான். அதனை அது வார்க்கப்பட்ட எரிமலையிலே எறிந்தாலன்றி அழிக்க இயலாது. பிரொடோ தோழர் மூவருடன் புறப்பட்டு, ரிவென்டெல் என்னும் புகலிடத்தை அடைகிறான். அங்கே கூடிய அவையில் ஒன்பதின்மர் கொண்ட குழு அமைக்கப்படுகின்றது. மோரியா என்னும் சுரங்கத்திற் கண்டால்ப் பாலத்திலிருந்து வீழ்கிறார். இறுதியிற் குழு சிதைகின்றது. பிரொடோவும் சாம் என்னும் பணியாளனும் தனித்துச் செல்கின்றனர். அவ்விடத்தே முதற்பாகம் நின்றுவிடுகின்றது.

இந்நூலை வரவேற்றோருள் முதல்வர் சி. எஸ். லூயிஸ். 1954 ஓகஸ்ட் மாதத்தில் அவர் எழுதிய மதிப்புரையில், வீரமும் அற்புதமும் நிறைந்த பழைய கதைமரபு வெட்கமின்றி மீண்டு வந்திருக்கின்றது என்று மகிழ்ந்தார். அவர் ரோல்கீனின் நண்பர். நூல் எழுதப்பட்ட காலத்தில் ஒக்ஸ்போட் நண்பர் கூட்டத்தில் அதன் அதிகாரங்கள் வாசிக்கப்படக் கேட்டவர். நூலின் மேலுறையில் அவர் ரோல்கீனை இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவோடு ஒப்பிட்டார். ரிச்சட் ஹியூஸ் ஸ்பென்சரையும், நயோமி மிச்சிசன் மலரியையும் ஒப்புக் கூறினர். கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் அமெரிக்காவின் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில் அவ்வாண்டு ஒக்டோபரிலே புகழ்ந்து எழுதினார்.

மறுபக்கத்தை நோக்குவோம். ஸ்கொத்லாந்துக் கவிஞர் எட்வின் மியூர் 1954 ஓகஸ்டில் ‘ஒப்சேவர்’ பத்திரிகையிலே எழுதியபோது, மேலுறைப் புகழ்ச்சியே நூலுக்கு இடையூறாயிற்று என்று தொடங்கினார். நூல் குறிப்பிடத்தக்கது என ஒப்புக்கொண்ட அவர், அதிலுள்ள நல்லோர் என்றும் நல்லோராகவும் தீயோர் என்றும் தீயோராகவுமே உள்ளனர் என்றும், தீமையும் துயரும் ஒருங்கே உடைய பாத்திரத்துக்கு அவ்வுலகில் இடமில்லை என்றும் குறை கூறினார். மூன்று பாகங்களும் வந்த பின்னர், 1955இல், பாத்திரங்கள் யாவரும் பெரியோர் வேடமிட்ட சிறுவர்களே என்று மேலும் கடுமையாகச் சாடினார். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1956 ஏப்பிரலில் ‘நேஷன்’ இதழில் எழுதிய கட்டுரை இவை எல்லாவற்றிலும் கடுமையானது. தம் ஏழு வயது மகளுக்கு முழுநூலையும் உரக்க வாசித்துக் காட்டிய பின்னர் அதனை எழுதினார். இது சிறுவர்க்குரிய மலிந்த சரக்கு, இதனைப் பெரியோர் போற்றுவது விந்தை என்பது அவர் தீர்ப்பு. 1961இல் பிலிப் ரொயின்பி இந்நூல்கள் நல்லகாலமாக மறக்கப்பட்டுவிட்டன என்று எழுதினார். நான்கே ஆண்டுகளில், 1965இல், அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் வந்து, பல்கலைக்கழக மாணவரிடையே இந்நூல் காட்டுத்தீப்போற் பரவியது.

இந்நூல்பற்றி மிதமான கருத்துடையோரைக் காண்பதரிது. போற்றுவோரும் பொறாதோருமே உளர் என்று ஓடன் 1956இற் குறிப்பிட்டார். அவர் கூற்று இன்றும் பெரும்பாலும் உண்மை. இதற்குக் காரணங்கள் மூன்று என்பது எமது கருத்து.

முதலாவது காரணம் நூலின் இனம் பற்றியது. நாவல் வேறு, ரொமான்ஸ் எனப்படும் அற்புத நவிற்சிக் கதை வேறு. நாவல் அன்றாட வாழ்வின் நிகழ்தகவுக்குக் கட்டுப்பட்டது. மனிதரின் உள்ளம் சூழலோடு மோதி மாறுவதை அதனிடம் எதிர்பார்க்கிறோம். அற்புத நவிற்சிக் கதை அக்கட்டுப்பாட்டினின்றும் நீங்கியது. அதிலே பாத்திரங்கள் தனிமனிதராயிருத்தலினும் பண்புகளின் வடிவங்களாயிருத்தல் மிகுதி. அமெரிக்க நாவலாசிரியர் ஹோதோர்ன் 1851இலேயே தம் நூலொன்றின் முன்னுரையில் இவ்விரண்டையும் பிரித்துக் கூறி, தமக்கு இரண்டாவதன் உரிமையை வேண்டிக்கொண்டார். வில்சனும் மியூரும் ரோல்கீனிடம் தேடியவை நாவலின் இலக்கணங்கள். லூயிஸும் ஓடனும் கண்டவை மற்றையதன் இலக்கணங்கள். ஒரு சாரார் நெல் விளையவில்லை என்று வருந்த, மறுசாரார் பனை செழித்தமை கண்டு மகிழ்ந்தனர். நிலம் ஒன்றாயினும் பேச்சு ஒன்றன்று.

ஆயின் இவ்விளக்கத்தோடு அமைதியடைதலும் தவறு. இனத்தைச் சரியாக அறிந்த பின்னரும் நூல் அவ்வினத்துள் நன்று அமைந்ததா என்ற வினா எஞ்சி நிற்கும். மியூர் தாமே கவிஞர். பழங்கதை மரபுகளை அறியாதவரல்லர். எனவே அடுத்த காரணத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது.

இரண்டாவது காரணம், இது தனித்தவொரு நூலன்று என்பதே. ரோல்கீன் எழுதியது ஒரு கதை. மூன்றாகப் பிரித்தது பொருளாதாரம். முதற்பாகத்தை மட்டும் கையிற்கொண்ட 1954ஆம் ஆண்டு வாசகன், ஒரு கட்டடத்தின் முன்மண்டபத்தில் நின்று முழுக்கோயிலையும் மதிப்பிட முயன்றவனை ஒப்பான். இரண்டாம் பாகம் அவ்வாண்டு நவம்பரில் வந்தது. மூன்றாம் பாகத்துக்கு 1955 ஒக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. தீமையும் துயரும் ஒருங்கே உடைய பாத்திரம் இல்லையென்று மியூர் எழுதியபோது கொலம் என்னும் பாத்திரம் கதையின் மையத்துக்கு வந்திருக்கவில்லை. முதற்பாகத்தில் அவன் பெரும்பாலும் பிறர் வாய்ச்சொல்லிலும் இருளிற் கேட்கும் காலடியோசையிலுமே தோன்றுகிறான். பொரோமிர் என்னும் வீரன் மோதிரத்தைப் பறிக்க முயன்று, மறுகணமே தன் செயலுக்கு வருந்திக் கதறுவது முதற்பாகத்தின் இறுதி அதிகாரத்தில். அதற்கு அவன் உயிர்கொடுத்து ஈடுசெய்வது இரண்டாம் பாகத்தின் முதலதிகாரத்தில். ஒரு மனிதனின் வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் நடுவே நூற்கட்டு வந்து நின்றது.

மூன்றாவது காரணம் நடையும் வேகமும் பற்றியது. வாசகர் பலர் நூலைக் கைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று முதல் நூறு பக்கங்கள். மற்றொன்று எல்ரொண்டின் அவை கூடும் அதிகாரம். முதலதிகாரம் பிறந்தநாள் விருந்தும் நகைச்சுவையுமாகச் சிறுவர் கதையின் தொனியிலே செல்கின்றது. இரண்டாம் அதிகாரத்திற் கண்டால்ப் பேசத் தொடங்கியதும் தொனி கனத்து ஆழ்கின்றது. பின்னரும் சில இடங்களில் இலேசான தொனி திரும்பி வருகின்றது. இச்சீரின்மைக்கு நூல் உருவான முறையே காரணம். ஆசிரியர் சிறுவர் நூலின் தொடர்ச்சியொன்றை எழுதத் தொடங்கி, எழுதும்போதே வேறொரு நூலைக் கண்டடைந்தார். முதற்படிகளில் கதைத்தலைவனின் பெயர் பிங்கோ. பிற்காலத்தில் அரகோர்ண் என்னும் அரசகுமாரனாக வளர்ந்த பாத்திரம் அப்போது மரக்காலணி அணிந்த ஒரு ஹொபிற்றாகவே இருந்தது. மோரியாவில் பாலின் என்பவனின் கல்லறையை அடைந்தபோது கதை நெடுங்காலம் நின்றுவிட்டது என்பதையும் ஆசிரியரே கூறியுள்ளார். ஆகவே தொடக்கம் மெதுவானது என்ற குறை ஆதாரமற்ற குறையன்று. அதனை மறுக்க முயல்வோர் தம் அன்பினால் நூலுக்கு நன்மை செய்வதாக எண்ணி, உண்மைக்குத் தீமை செய்கின்றனர்.

நூலெங்கும் பாடல்கள் விரவியிருத்தலும் இவ்வாறு பலரை இடறச் செய்கின்றது. ஆங்கில நாவலில் மட்டும் பயின்றவர் கதை நடுவே பாட்டு வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். கானல்வரியும் ஆய்ச்சியர் குரவையும் கொண்ட சிலப்பதிகாரத்தை வாசித்துப் பழகிய நமக்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று. ரோல்கீனின் பாடல்கள் யாவும் சிறந்தவை என்பது இதன் கருத்தன்று. அவற்றுட் சில மிகச் சாதாரணமானவை. பாட்டு என்பதனாலேயே புறந்தள்ளுதலும் பாட்டு என்பதனாலேயே போற்றுதலும் ஒருங்கே தவறு என்பதையே குறிக்கின்றோம்.

இனி மிகுதியும் வாதிக்கப்படும் ஒரு பகுதியைச் சற்று விரிவாக நோக்குவோம். பிரொடோவும் தோழரும் ஷயரை விட்டு நீங்கியதும் பழங்காட்டில் ரொம் பொம்படில் என்பவனைச் சந்திக்கின்றனர். நீலச் சட்டையும் மஞ்சட் சப்பாத்தும் அணிந்து, ஓயாது பாடித் திரியும் இவன் யார் என்பது நூலில் எங்கும் விளக்கப்படவில்லை. காடும் அவன் இல்லமும் பழைய புதைமேடுகளுமாக மூன்று அதிகாரங்கள் இதிற் கழிகின்றன. நன்னூலார் வகுத்த குற்றங்களுள் ஒன்றாகிய மற்றொன்று விரித்தலுக்கு இஃது எடுத்துக்காட்டு என்று தமிழ் வாசகர் கூறலாம். 2001ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் பீற்றர் ஜாக்சன் பொம்படிலை முற்றாக நீக்கிவிட்டார். கதை அதனால் அறுந்துவிடவில்லை. இதுவும் குறைகூறுவோர் கட்சிக்கு வலுவூட்டுவது.

ஆயினும் முதற்பாகம் முழுவதையும் ஒருங்கே வைத்து நோக்கின் வேறொரு காட்சி தோன்றுகின்றது. இப்பாகத்தின் உள்ளீடு பயணமும் அன்று, போரும் அன்று. மோதிரம் ஒவ்வொருவர் முன்னும் வைக்கப்படும்போது அவர் யாது செய்கின்றார் என்பதே. பில்போ மிகுந்த வேதனையோடு அதனைக் கைவிடுகிறான். பிரொடோ அதனைக் கண்டால்புக்குக் கொடுக்க முன்வரும்போது அவர் அஞ்சி மறுக்கிறார். நன்மை செய்ய வேண்டும் என்ற இரக்கமே தம்மைக் கொடியவராக்கும் வழி என்பதை அவர் அறிவார். எல்ரொண்ட் அதனை ஆள மறுக்கிறார். கலாத்ரியேல் என்னும் அரசி தான் பெறக்கூடிய பேரழகும் பேராற்றலும் மனக்கண்ணில் தோன்ற ஒருகணம் நின்று, பின்னர் மறுத்து, தன் பெருமை தேய்வதை ஏற்றுக்கொள்கிறாள். பொரோமிர் தன் நாட்டைக் காக்கும் நல்லெண்ணத்தாலேயே கைநீட்டி வீழ்கிறான். இவ்வரிசையிற் பொம்படில் ஒருவனே மோதிரத்தைக் கையில் வாங்கி விளையாட்டுப் பொருள்போற் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறான். அதனை அணிந்தும் அவன் மறையவில்லை; அணிந்து மறைந்த பிரொடோ அவன் கண்ணுக்குத் தெரிகிறான். எதனையும் ஆள விரும்பாதவன்மேல் ஆளும் ஆசைக்கு அதிகாரமில்லை. இதனைக் காட்டுதற்கு அவன் வேண்டும். அன்றியும், புதைமேட்டிலிருந்து அவன் எடுத்துக் கொடுக்கும் பழைய வாள்களுள் ஒன்று மூன்றாம் பாகத்தின் பெரும்போரிலே தன் பயனைத் தருகின்றது. ஆகவே மற்றொன்று விரித்தல் என்ற குற்றச்சாட்டு ஓரளவே நிற்கும். மூன்று அதிகார நீளம் வேண்டுமா என்பது வேறு வினா; வேண்டியதில்லை என்போரை யாம் மறுக்கவில்லை.

நல்லோர் என்றும் நல்லோரே என்ற மியூரின் குறைக்கும் மேற்கூறிய வரிசையே மறுமொழியாகின்றது. கண்டால்பும் கலாத்ரியேலும் நல்லோராயிருப்பது தம் இயல்பால் தீமை அணுகமுடியாதவர் என்பதனாலன்று. தம்முள் தீமைக்கு இடமுண்டு என்று அறிந்து, அஞ்சி, விலகியமையால். இஃது எளிய கறுப்பு வெள்ளைப் பாகுபாடு அன்று.

எனினும் எல்லாக் குறைகளும் இவ்வாறு நீங்கிவிடா. நீங்காதவற்றையும் கூறாவிடின் இக்கட்டுரை புகழ்ச்சியுரையாகிவிடும். ஒன்பதின்மர் குழுவிற் பெண் ஒருத்தியேனும் இல்லை. கலாத்ரியேலின் மாண்பு பெரிதே. ஆயின் அவள் ஒருத்தி. அரகோர்ணின் காதலியாகிய ஆர்வென் முதற்பாகத்தில் தோன்றி மறைகிறாள் என்பதற்கு மேல் யாதுமில்லை. கொலத்தினிடம் இரக்கம் கொள்ளுமாறு பிரொடோவுக்குக் கண்டால்ப் அறிவுரை கூறும் நூலிலேயே, ஓர்க் என்னும் இனத்தார் எண்ணிக்கையாக வந்து எண்ணிக்கையாக மடிகின்றனர். அவர்களுக்காக இரங்குவார் இலர். மேலும் இந்நூலின் நிலப்படத்தில் நன்மை வடக்கிலும் மேற்கிலும் குடியிருக்க, பகைவனுக்குத் துணைபோகும் மாந்தர் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகின்றனர். பிறீ என்னும் ஊர்ச் சத்திரத்தில் ஒற்றனாக வருபவனும் கோணற் கண்ணுடைய தென்னாட்டான். கிழக்கிலும் தெற்கிலும் வாழும் வாசகர் இவ்விடங்களில் ஒருகணம் நின்று யோசிப்பது இயல்பு, யோசிக்கவும் வேண்டும்.

இதுபோன்ற நூல்கள் வாழ்க்கையிலிருந்து தப்பியோடச் செய்வன என்ற பொதுக்குற்றச்சாட்டும் உண்டு. வீரப் பயணங்களையும் கற்பனை உலகங்களையும் கொள்கையளவிலேயே வெறுப்போர் சிலர் உளர் என்று ஓடன் கூறியது இதனை நோக்கியே. ரோல்கீன் 1939இல் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய சொற்பொழிவில், சிறைப்பட்டவன் வீடு திரும்ப முயல்வதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதலாகாது என வாதித்தார். அவர் 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். நெருங்கிய நண்பர்களைப் போரில் இழந்தவர். ஆசிரியரின் வாழ்க்கை நூலுக்குச் சான்றிதழாகாது. ஆயினும் இழப்பையும் பிரிவையும் அறியாத ஒருவரின் விளையாட்டு என்று இந்நூலைக் கூறுதல் பொருந்தாது என்பதற்கு இச்செய்தி போதும்.

இக்கருத்துப் போரில் இருசாராரும் செய்த ஒரு பொதுத்தவறு உண்டு. நாம் கற்கவேண்டிய பாடமும் அங்கேதான் உளது. வில்சன் நூலைச் சாடியதோடு அமையாது, அதனை விரும்புவோர் வாழ்நாள் முழுதும் சிறுவர் சரக்கையே நாடும் இயல்பினர் என்று வாசகரையும் சாடினார். ஓடனோ வானொலிப் பேச்சொன்றில், இந்நூலை விரும்பாதவர் எவராயினும் அவர்தம் இலக்கியத் தீர்ப்பை இனி எதிலும் நம்பப்போவதில்லை என்றார். ஒருவர் விரும்புவோரை இகழ்ந்தார். மற்றவர் விரும்பாதோரை இகழ்ந்தார். நூலை அளக்க வேண்டிய கோல் வாசகன் முதுகில் விழுந்தது.

இத்தவற்றிலே தானும் பங்குடையவன் என்பதை இக்கட்டுரையாசிரியன் மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவர் இந்நூலை அவன் சொற்படி நூல்நிலையத்திலிருந்து எடுத்துச் சென்றனர். ஒருவன் ஒரு தவணைக்குள் இருமுறை வாசித்து முடித்து, அடுத்த பாகம் கேட்டு வந்தான். மற்றவன் அவை கூடும் அதிகாரத்தோடு நிறுத்தி நூலைத் திருப்பிக் கொடுத்தான். காரணம் வினாவியபோது, அவ்வதிகாரத்தில் எல்லாரும் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள், ஒருவராவது எழுந்து போகிறாரில்லை என்றான். பொறுமையில்லாதவனுக்கு இலக்கியம் எட்டாது என்று வகுப்பின் முன்னே அவனுக்கு மறுமொழி கூறப்பட்டது. அதன்பின் அவன் நெடுநாள் எந்நூலையும் கேட்டு வரவில்லை.

பின்னர் அவ்வதிகாரத்தை மீண்டும் வாசித்தபோது, அம்மாணாக்கன் கண்டது சரியெனத் தெரிந்தது. அது நூலின் மிக நீண்ட அதிகாரங்களுள் ஒன்று. அதில் நிகழ்வன யாவும் சொல்லாலேயே நிகழ்கின்றன. ஒருவர்பின் ஒருவராகப் பழையவற்றைக் கூறுகின்றனர். சாருமன் என்னும் மூத்த மந்திரவாதி தீமையோடு இணங்கிப்போகக் கூறிய நயவுரைகளும் கண்டால்பின் வாயிலாகவே நமக்குக் கிட்டுகின்றன. அவ்வதிகாரத்தின் சிறப்பும் அதுவே. ஆயுதத்தை ஏன் பயன்படுத்தலாகாது என்ற பொரோமிரின் வினா அங்கேதான் எழுகின்றது. பத்தாம் அதிகாரத்தில் விளையும் அழிவுக்கு வித்து அங்கேதான் ஊன்றப்படுகின்றது. பெரியோர் யாவரும் மௌனமாயிருக்கச் சிறியவனாகிய பிரொடோ சுமையை ஏற்கின்றதும் அங்கேதான். மாணாக்கன் உண்மையைக் கண்டான்; அதன் பயனைக் காணவில்லை. அதனை அவனுக்குக் காட்டுவதே ஆசிரியன் செய்திருக்க வேண்டியது. அவனுடைய கூற்று ஒரு நல்ல திறனாய்வின் முதல் வாக்கியமாயிருந்தது; அது கடைசி வாக்கியமாக்கப்பட்டது.

இது குறித்து ரோல்கீனின் கருத்து நம்மை நாணச் செய்வது. ஓடனின் வானொலிப் பேச்சைக் கேட்டு அவர் மகிழவில்லை. தம் நூலை இலக்கியச் சுவைக்குப் பரீட்சையாக்கியதற்கு வருந்தி, எந்நூலையும் அவ்வாறு ஆக்க இயலாது, இயன்றாலும் அது பிறரைச் சினமூட்டுவதாகவே முடியும் என்ற கருத்துப்பட 1955 டிசெம்பரிற் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். மேலும் 1965இல் வெளிவந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், நூலைச் சலிப்பூட்டுவதாகவும் இகழத்தக்கதாகவும் கண்டோர் உளர் என்பதை அமைதியாக ஏற்றுக்கொண்டு, அவர்கள் விரும்பும் நூல்கள் பற்றித் தமக்கும் அத்தகைய கருத்தே உண்டு என்றார். விரும்பியவர்களுக்கும் பிடிக்காத பகுதிகள் உள. ஆயின் ஒருவர் குறையெனக் கண்ட பகுதியை மற்றொருவர் சிறப்பெனப் பாராட்டியுள்ளார் என்றும் குறிப்பிட்டார். புகழ்வோர் கூட்டத்திலேயே கருத்து ஒன்றாயில்லை என்பது இதனாற் பெறப்படும். பொம்படிலுக்காகவே நூலை மீண்டும் மீண்டும் வாசிப்போர் உளர். அவனைத் தாண்டிச் சென்றே நூலை விரும்புவோரும் உளர்.

எண்ணிக்கை இவ்வழக்கைத் தீர்க்குமா எனின், தீர்க்காது. 1997இல் பிரித்தானியப் புத்தக விற்பனை நிறுவனமொன்று நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் சிறந்த நூலாக ‘மோதிரங்களின் தலைவன்’ முதலிடம் பெற்றது. அப்போதும் கற்றோர் பலர் முகஞ்சுளித்தனர். மறக்கப்பட்டது என்ற ரொயின்பியின் தீர்ப்பு பொய்த்தமை, நூல் வாழ்கின்றது என்பதை மட்டுமே நிறுவும். வாழ்வன யாவும் உயர்ந்தன என்று கொள்ளலாகாது. ஆயினும் எழுபது ஆண்டுகளாக ஒரு நூலைப்பற்றி வழக்காடுதல் ஓயவில்லையாயின், வழக்காடத்தக்க ஏதோ ஒன்று அதனுள் உண்டு என்று கொள்வதிற் பிழையில்லை.

ஆகவே இந்நூலை முதன்முறை கையிலெடுக்கும் மாணாக்கர்க்குக் கூறத்தக்கவை சிலவே. இதனை நாவலாக எண்ணித் தொடங்காதீர்கள். முதற்பாகத்தோடு தீர்ப்புக் கூறாதீர்கள். தொடக்கம் மெதுவானதெனின் அதனை வாய்திறந்து கூறுங்கள். கூறியபின் எவ்விடத்தில் ஏன் சலித்தது என்று பக்கத்தைக் காட்டுங்கள். விரும்பினும் அவ்வாறே பக்கத்தைக் காட்டுங்கள். பக்கத்தைக் காட்டமாட்டாத புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒரே எடையுடையன.

ஆசிரியர்க்குக் கூறத்தக்கது ஒன்றே. நூலை இடையில் நிறுத்திவிட்டு வரும் மாணாக்கனிடம், நீ எங்கே நிறுத்தினாய் என்று கேட்போமாக. அவன் மறுமொழி கூறும்வரை பொறுத்திருப்போமாக.